பனியன் நகரத்துக் கோப்பை – 9: தோற்காத அணி தோற்ற இரவு

சென்ற வாரம் 2024 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவில், சேப்பாக்கம் மைதானத்தில் நிறுத்தியிருந்தோம். திருப்பூர் தமிழன்ஸ் 108 ரன்னில் சுருண்டது. பதிலுக்குத் திண்டுக்கல் கேப்டன் அஸ்வினே தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். 30 பந்தில் 69 ரன் அடித்து, கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்று, பதினோரு ஓவருக்குள் ஆட்டத்தை முடித்துவிட்டார். திண்டுக்கல் டிராகன்ஸுக்கு ஒன்பது விக்கெட் வெற்றி.

அதற்கு முந்தைய ஆட்டத்தில், அதாவது முதல் குவாலிஃபையரில், கோவை கிங்ஸின் சாய் சுதர்சன் 56 பந்தில் 123 அடித்திருந்தார். திருப்பூர் எடுத்தது இருநூறை ஒட்டிய ஸ்கோர். அதற்கும் மரியாதை இல்லாமல் போனது. அங்கேயும் ஒன்பது விக்கெட் தோல்விதான்.

லீக் சுற்றில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்த அணிக்கு மட்டும் கிடைக்கும் சலுகை, ஒருமுறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு. திருப்பூருக்கு அந்த இரண்டு வாய்ப்பும் கிடைத்தன. இரண்டையும் ஒரே மாதிரி தொலைத்துவிட்டு ஊர் திரும்பியது அணி.

இந்த வாரம்தான் தொடருக்குள் வருகிறவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடங்கியபோது இந்த அணியின் பெயர் காரைக்குடி காளை. 2021 சீசனில் திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. காங்கேயம் காளை பிறந்த மாவட்டத்துக்கு வந்தபோது பெயரிலிருந்த காளை போய்விட்டதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. திருப்பூர் என்ற பெயரோடு ஆடிய முதல் மூன்று சீசன்களில், 2021, 2022, 2023, பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. நான்காவது சீசனில் போய், மேலே சொன்ன மாதிரி வாங்கிக்கட்டிக்கொண்டது.

ஆகவே 2025 ஜூன் மாதம் ஐந்தாவது சீசன் தொடங்கும்போது ஊரில் எதிர்பார்ப்பு எந்த அளவில் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

✦

யார் மேல் கண் இருந்தது?

மூன்று அணிகள் மேல் இருந்தது. அதில் திருப்பூர் இல்லை.

முதலில் திண்டுக்கல். நடப்புச் சாம்பியன். 2024 டிசம்பரில் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்ற அஸ்வின், இப்போது முழு மனதோடு இந்த அணிக்குத் தலைமை ஏற்று நின்றார்.

அடுத்து சேப்பாக் சூப்பர் கில்லீஸ். 2017, 2019, 2021 என மூன்று முறை தனியாகவும், 2022இல் மழையால் கோவையோடு பகிர்ந்தும் கோப்பை வாங்கிய அணி. லீக்கின் பெரிய வீடு அதுதான். பாபா அபராஜித் தலைமை. ஜெகதீசன் தொடக்கத்தில். விஜய் சங்கரும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரரான கோவை. 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் தொடர்ந்து இறுதி ஆட்டம் பார்த்த அணி. அந்த அணி இந்த முறை கடைசி நான்குக்குள்கூட வரப்போவதில்லை என்பது ஜூன் முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாது.

திருப்பூரிடம் என்ன இருந்தது? இடக்கை சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோர் இருந்தார். 2024 ஏலத்தில் 22 லட்சம் ரூபாய் கொடுத்து எடுக்கப்பட்டவர். இந்த முறை கேப்டன். சேலத்து நடராஜன் இருந்தார். தொடக்க ஆட்டக்காரர்களாக விக்கெட் கீப்பர் துஷார் ரஹேஜாவும் அமித் சாத்விக்கும். பெயர் கேட்டதும் கூட்டம் கூடும் அணி அல்ல. ஆனால் இந்த இரண்டு தொடக்க ஆட்டக்காரர்களைப் பற்றி ஜூலை முதல் வாரத்தில் தமிழ்நாடு முழுக்கப் பேசியது.

✦

ஜூன் 8, கோவை

முதல் பொறி விழுந்தது கோவையில், ராமகிருஷ்ணா கல்லூரி மைதானத்தில். எதிரில் நின்றது அதே திண்டுக்கல். அதே அஸ்வின்.

அன்றைக்கும் அஸ்வின்தான் தொடக்கத்தில் இறங்கினார். சாய் கிஷோர் வீசிய ஒரு பந்து காலில் பட்டது. எல்.பி.டபிள்யூ என்று நடுவர் விரலை உயர்த்தினார். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தது என்பது அஸ்வினின் வாதம். நடுவரிடம் நின்று வாதாடினார். திரும்பி நடக்கும்போது மட்டையால் பேடில் ஓங்கி ஓர் அடி. அந்தக் கோபத்துக்கு ஆட்டச் சம்பளத்தில் 30 சதவீதம் அபராதம் வந்தது.

மறுநாள் ஊடகம் முழுக்க அந்தக் கோபம்தான் ஓடியது. அதன் பின்னால் இருந்த ஸ்கோர் போர்டைப் பலர் கவனிக்கவில்லை. திண்டுக்கல் 93 ஆல் அவுட். இசக்கிமுத்து நான்கு விக்கெட். திருப்பூர் ஒரே ஒரு விக்கெட்டை மட்டும் இழந்து பன்னிரண்டு ஓவருக்குள் அடித்து முடித்தது. ரஹேஜா 65, ஆட்டமிழக்கவில்லை.

பத்து மாதத்துக்கு முன் சேப்பாக்கத்தில் வாங்கிய ஒன்பது விக்கெட் தோல்விக்கு ஒன்பது விக்கெட் வெற்றியாலேயே பதில். இந்த அணி போன வருட அணி இல்லை என்று காட்டிய முதல் இரவு அதுதான் என்பது என் கணிப்பு.

ஆனால் ஜூன் மாதம் திருப்பூருக்குச் சொந்தமானதாக இல்லை. சேப்பாக்குக்குச் சொந்தமாக இருந்தது.

✦

ஏழுக்கு ஏழு

எட்டு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஏழு அணிகளோடு ஒருமுறை ஆட வேண்டும். லீக் சுற்றில் மொத்தம் 28 ஆட்டம். சேப்பாக் தன் ஏழு ஆட்டத்தையும் ஜெயித்தது. ஏழும் ஏழும் பதினான்கு புள்ளிகள். திருப்பூரையும் அந்தச் சுற்றில் அது தோற்கடித்திருந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் இரண்டாம் இடம். மூன்று, நான்கில் திருச்சி கிராண்ட் சோழாஸும் திண்டுக்கல்லும்.

லீக் மட்டும்தான் என்றால் அன்றைக்கே கோப்பையைச் சேப்பாக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளில் அப்படித்தான். எல்லோரோடும் ஆடு, அதிகப் புள்ளி எடு, கோப்பையை எடு. நம் ஊரில் அப்படி இல்லை. லீக்கில் முதலிடம் பிடிப்பது ஒரு வேலை, கோப்பையைப் பிடிப்பது இன்னொரு வேலை.

இந்த இரண்டாவது வேலை எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் தேட மெல்போர்னுக்குப் போக வேண்டும். அதுவும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னால்.

✦

1929, மெல்போர்ன்

ஆஸ்திரேலியர்கள் தங்களுக்கென்று ஒரு ஃபுட்பால் வைத்திருக்கிறார்கள். விக்டோரியன் ஃபுட்பால் லீக் என்பது அன்றைய பெயர். 1929இல் அங்கே காலிங்வுட் என்ற அணி லீக் சுற்றின் 18 ஆட்டத்தையும் ஜெயித்தது. அந்த லீக்கின் வரலாற்றில் லீக் சுற்று முழுவதையும் தோல்வியே இல்லாமல் கடந்த ஒரே அணி இன்றுவரை அதுதான்.

பிறகு அரை இறுதி. எதிரில் ரிச்மண்ட். 62 புள்ளிகள் வித்தியாசத்தில் காலிங்வுட் அடிவாங்கியது. பதினெட்டு ஆட்டம் தோற்காத அணி, பத்தொன்பதாவது ஆட்டத்தில் தரைமட்டம்.

ஆனால் அன்றைய விதியில் ஒரு ஷரத்து இருந்தது. லீக்கில் முதலிடம் பிடித்த அணி, இறுதிக் கட்டத்தில் எங்கே தோற்றாலும், ஜெயித்தவனைக் கூப்பிட்டு 'இன்னொரு ஆட்டம் வா' என்று சவால் விடலாம். அந்த உரிமை முதலிடத்துக்கு மட்டும். காலிங்வுட் அந்த உரிமையைப் பயன்படுத்தியது. இறுதி ஆட்டத்தில் அதே ரிச்மண்டை 29 புள்ளிகளில் வென்று கோப்பையைத் தூக்கியது.

நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் ரிச்மண்ட் பக்கம் நின்று பாருங்கள். ஒரே எதிராளியை ஒரே மாதத்தில் இரண்டு முறை ஜெயிக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு.

இரண்டு ஆண்டுகளில் விதி மாறியது. 1931இல் கென் மெக்கின்டயர் என்ற வழக்கறிஞர் புதிய ஏணி ஒன்றை வகுத்தார். அதற்காக லீக்கில் வாதாடிய பிரதிநிதியின் பெயர் பேஜ். அதனால் அது 'பேஜ் முறை' ஆனது. முதல் இரண்டு அணிகளும் மோதும். ஜெயித்தவர் நேராக இறுதிக்கு. தோற்றவர் வெளியேற வேண்டாம். மூன்றுக்கும் நான்குக்கும் நடக்கும் ஆட்டத்தில் ஜெயித்து வருகிறவரோடு இன்னொரு முறை ஆடலாம்.

பழைய விதிக்கும் புதிய விதிக்கும் இடையே நடந்ததை ஒரு வரியில் சொல்லலாம்: முதலிடத்தின் தனிச்சொத்தாக இருந்த இரண்டாவது வாய்ப்பில் இரண்டாமிடத்துக்கும் பங்கு கிடைத்தது.

ஐபிஎல் முதல் மூன்று ஆண்டு சாதாரண அரை இறுதி முறையில்தான் நடந்தது. 2010இல் லீக்கில் பத்து ஆட்டம் ஜெயித்து முதலில் நின்ற மும்பையை, ஏழு ஆட்டம் மட்டுமே ஜெயித்திருந்த சென்னை இறுதியில் வென்றது. 2011இல் ஐபிஎல் பேஜ் முறைக்கு மாறியது. அந்த ஆண்டு இரண்டாமிடம் பிடித்த சென்னை, முதலிடம் பிடித்த பெங்களூரைக் குவாலிஃபையரில் ஒருமுறை, சேப்பாக்கத்தில் நடந்த இறுதியில் ஒருமுறை என இரண்டு முறை வென்றது. டி.என்.பி.எல். தன் முதல் சீசனை அரை இறுதிகளோடு நடத்திவிட்டு 2017 முதல் இந்த ஏணிக்கு வந்தது.

மெல்போர்னில் ஒரு வழக்கறிஞர் வரைந்த ஏணியில்தான், 2025 ஜூலை முதல் தேதி, திருப்பூர் கால் வைத்தது.

✦

ஜூலை 1, நத்தம்

செவ்வாய்க்கிழமை. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். முதல் குவாலிஃபையர்: சேப்பாக் – திருப்பூர். ஒருபுறம் ஏழுக்கு ஏழு. மறுபுறம் போன ஆண்டு இதே கட்டத்தில் நொறுங்கிய அணி.

ஆட்டம் மாலை ஏழேகாலுக்குத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் திருப்பூர் என்ன செய்துகொண்டிருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

திருப்பூரில் வேலையை மணிக்கணக்கில் சொல்ல மாட்டார்கள், ஷிஃப்ட் கணக்கில் சொல்வார்கள். காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்தரைக்கு வந்தால் ஒரு ஷிஃப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிஃப்ட். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரைதான். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவர், செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டுபவர், அயர்ன் டேபிளில் நிற்பவர், எல்லோருக்கும் முதல் இன்னிங்ஸ் மெஷின் சத்தத்துக்குள்ளேயே போய்விடும். பல யூனிட்டுகளில் உள்ளே செல்போனும் எடுக்க முடியாது. ஒன்றரை முடிந்து வாசலுக்கு வந்து போனைத் திறக்கும்போதுதான் ஸ்கோர் தெரியும்.

அந்தச் செவ்வாய் இரவு போனைத் திறந்தவர்கள் பார்த்தது: திருப்பூர் 202, ஐந்து விக்கெட்டுக்கு.

இருநூறு எடுத்தும் தோற்க முடியும் என்பதைப் போன ஆண்டு சாய் சுதர்சன் கற்றுக்கொடுத்திருந்தார். ஆகவே பாதி ஆட்டம் பார்த்தவர்கள் யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

இந்த முறை பந்துவீச்சு வேறாக இருந்தது. ஏழு ஆட்டமும் துரத்தலோ தடுத்தலோ எதிலும் தடுமாறாத சேப்பாக் அணி, அன்று கூட்டாகச் சேர்ந்து தடுமாறியது. ஒரு விக்கெட் விழுந்தால் அடுத்தவர் நின்று தாங்குவதுதான் ஜூன் முழுக்க அவர்களின் பலம். அன்று தாங்க ஆள் இல்லை. 123 ரன்னில் எல்லோரும் வெளியே.

79 ரன் வித்தியாசம்.

காரைக்குடியில் பிறந்து திருப்பூருக்குக் குடிவந்த அணி, பத்தாவது ஆண்டில், திருப்பூர் என்ற பெயரோடு முதல்முறையாக இறுதி ஆட்டத்தில்.

✦

ஓரிகனின் கண்ணீர்

அதே ஆண்டு ஜனவரி முதல் தேதி, பூமியின் மறுபக்கத்தில், கிட்டத்தட்ட இதே நாடகம் அரங்கேறியிருந்தது.

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் என்றால் ஊர்த் திருவிழா மாதிரி. 2014 முதல் அங்கே நான்கு அணிகள்தான் பிளே-ஆஃப் ஆடும். 2024 சீசனில் அதைப் பன்னிரண்டாக விரித்தார்கள். முதல் நான்கு இடத்தில் வைக்கப்பட்ட அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு. நேராகக் கால் இறுதி.

ஓரிகன் பல்கலைக்கழகம் அந்த சீசனில் 13 ஆட்டம் ஆடி 13லும் வென்று முதலிடத்தில் நின்றது. அக்டோபரில் ஓஹையோ ஸ்டேட் அணியை 32–31 என்று ஒரே புள்ளியில் வென்றிருந்தது. அந்த ஓஹையோ ஸ்டேட் இரண்டு ஆட்டம் தோற்று, எட்டாம் இடத்தில் உள்ளே வந்தது. நான்கு அணி முறையே தொடர்ந்திருந்தால் அது வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கும்.

கால் இறுதியில் இரண்டும் மோதின. ஓஹையோ ஸ்டேட் 41, ஓரிகன் 21. அத்தோடு ஓரிகன் காலி. இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஓஹையோ ஸ்டேட் அங்கிருந்து நடந்து, ஜனவரி 20ஆம் தேதி நோட்ரே டேமை 34–23 என்று வென்று கோப்பையைத் தூக்கியது.

இன்னொரு செய்தியும் உண்டு. முதல் சுற்றில் ஓய்வு கிடைத்து நேராகக் கால் இறுதிக்கு வந்த நான்கு அணிகளும், ஓரிகன் உட்பட, தங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றன. நான்குக்கு நான்கு. கடைசியில் இந்தத் தகவல் நமக்கு வேண்டியிருக்கும்.

லீக்கில் ஜெயித்த எதிரியிடமே பிளே-ஆஃபில் தோற்றது ஓரிகன். ஆறு மாதம் கழித்து, சேப்பாக்கும் லீக்கில் ஜெயித்த திருப்பூரிடமே பிளே-ஆஃபில் தோற்றது. ஒரே ஒரு வித்தியாசம். ஓரிகனுக்கு நாளை இல்லை. சேப்பாக்குக்கு ஜூலை 4 இருந்தது.

✦

சேப்பாக்கின் இரண்டாவது வாய்ப்பு

ஜூலை 2, மூன்றாம் நான்காம் இடத்து அணிகள் மோதிய எலிமினேட்டரில் அஸ்வின் தனி ஆளாகத் திருச்சியைக் கவிழ்த்தார். பந்தில் மூன்று விக்கெட். மட்டையில் 48 பந்தில் 83. திண்டுக்கல் மேலே ஏறி வந்தது.

ஜூலை 4, இரண்டாவது குவாலிஃபையர். ஏழு வெற்றியின் பலனாகக் கிடைத்த பாதுகாப்பு வலையில் சேப்பாக் நின்றது. ஆட்டத்தின் பெரும்பகுதி அவர்கள் கையில்தான் இருந்தது. பிறகு திண்டுக்கல்லின் விமல் குமார் மட்டையைச் சுழற்றத் தொடங்கினார். 30 பந்தில் 65. நான்கு விக்கெட் மிச்சம் வைத்து திண்டுக்கல் வென்றது.

ஏழுக்கு ஏழு ஜெயித்த அணி நான்கு நாளில் இரண்டு தோல்வியோடு வீட்டுக்குப் போனது.

இது நியாயமா?

அந்த வாரம் பலர் கேட்ட கேள்வி. சென்னை ரசிகர்களுக்கு வலித்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. என் பதில்: நியாயம்தான். காலிங்வுட்டுக்குக் கிடைத்த அந்த இன்னொரு ஆட்டம் சேப்பாக்குக்கும் கிடைத்தது. ஓரிகனுக்குக் கிடைக்காதது அது. ஏழு வெற்றிக்கு லீக் கொடுத்த கூலி அந்த ஜூலை 4. திருப்பூருக்கும் 2024இல் அதே கூலி கிடைத்தது, அப்போது அதைத் தொலைத்தபோது முறை தப்பு என்று ஊரில் யாரும் கொடி பிடிக்கவில்லை.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. இந்த வாசலை இன்னும் அகலமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு.

அமெரிக்கர்கள் நான்கைப் பன்னிரண்டாக்கியபோது அங்கே பெரிய கூச்சல். ஆனால் அவர்களின் மேல்தட்டில் 2024இல் ஆடியவை 134 அணிகள். அதில் பன்னிரண்டு என்றால் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஐபிஎல்லில் பத்துக்கு நான்கு. நம் டி.என்.பி.எல்லில் எட்டுக்கு நான்கு, ஏற்கெனவே பாதி. புரோ கபடியைப் பாருங்கள்: முதல் சீசன்களில் எட்டு அணிகளில் நான்கு அரை இறுதி ஆடின. பிறகு பன்னிரண்டு அணிகளில் ஆறு உள்ளே போயின. 2025 சீசனில் அதையும் விரித்து, பன்னிரண்டில் எட்டு அணிகளுக்கு உள்ளே வர வழி செய்தார்கள். ஐந்தாம் இடம் முதல் எட்டாம் இடம் வரை 'பிளே-இன்' ஆடலாம்.

விரித்ததால் கபடியில் பூகம்பம் ஒன்றும் வரவில்லை. லீக்கில் முதல் இரண்டு இடம் பிடித்த புனேயும் டெல்லியும்தான் இறுதியில் மோதின. டெல்லி 31–28 என்று வென்றது. வலுவானவர்கள் தப்பித்துவிட்டார்கள். ஆனால் எட்டாம் இடத்துக்காக நடந்த ஆட்டங்களின் மதிப்பு என்ன? தோற்றுக்கொண்டே வந்தாலும் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த அணி, சீசனின் நடுவில் எப்படி ஆடும்?

எட்டு அணி லீக்கில் ஆறு அணிக்கு வழிவிட்டால், ஏழு ஆட்டம் கொண்ட ஒரு மாதம் முழுக்க இரண்டே இரண்டு அணிகளை வெளியேற்றத்தான் நடக்கும். 2021 முதல் 2023 வரை திருப்பூர் மூன்று முறை வெளியே நின்றது. அந்த மூன்று ஆண்டின் பசிதான் 22 லட்சம் கொடுத்து சாய் கிஷோரை எடுக்க வைத்தது. ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் அன்றே பாய் விரித்திருந்தால் அந்தப் பசி வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். நான்கு போதும். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

✦

ஊர் இல்லாத இடத்தில் ஊர்ப் பெயர்

இறுதிக்குத் தகுதி பெற்ற செய்தி வந்த மறுநாள், ஊரில் இன்னொரு பேச்சும் கிளம்பியது. போய்ப் பார்க்கலாமா?

2025 சீசனின் 32 ஆட்டங்களும் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய நான்கு இடங்களில் நடந்தன. திருப்பூரில் ஒன்றுகூட இல்லை. உலகத்துக்கே டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் ஊரில், சொந்த அணி ஆடுவதைப் பார்க்க ஒரு மைதானம் இல்லை.

கோவை என்றால் பக்கம், வேலை முடித்து ஓடிப் பார்த்துவிடலாம். இறுதி ஆட்டமோ நத்தத்தில். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் தாண்டிப் போக வேண்டும். அதுவும் எதிரியின் சொந்த மைதானம். நல்ல வேளையாக ஜூலை 6 ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் கைக்கு வந்துவிடும், ஞாயிறு கம்பெனி லீவு. சீசனிலேயே திருப்பூரின் நாட்காட்டிக்குப் பொருந்திவந்த நாள் அது.

எதிரில் நிற்கப்போவது யார் என்பது ஜூலை 4 இரவே தெரிந்துவிட்டது. திண்டுக்கல். சேப்பாக்கத்தில் ஒன்பது விக்கெட்டில் அடித்த அதே அணி. கோவையில் 93 ரன்னில் சுருண்ட அதே அணி. போன ஆண்டும் எலிமினேட்டர், குவாலிஃபையர், இறுதி என்று இதே நீண்ட வழியில் ஏறிவந்து கோப்பையைத் தூக்கிய அதே அணி.

✦

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவின் முடிவு உங்களுக்குத் தெரியும். அமித் சாத்விக் 34 பந்தில் 65. துஷார் ரஹேஜா 46 பந்தில் 77. திருப்பூர் 220. திண்டுக்கல் 102. வித்தியாசம் 118 ரன். ஓவர் ஓவராக அடுத்த வாரம் பார்ப்போம்.

அதற்குமுன் ஒரு கேள்வியை உங்களிடம் விட்டுச்செல்கிறேன்.

ஜூலை 1ஆம் தேதி ஜெயித்த திருப்பூர், அதன்பிறகு ஜூலை 6 வரை மட்டையைத் தொட வேண்டியிருக்கவில்லை. திண்டுக்கல் 2, 4, 6 தேதிகளில் மூன்று வாழ்வா சாவா ஆட்டம் ஆடியது. அப்படியானால் 118 ரன் வித்தியாசம் களைப்பின் கணக்கா? ஆனால் ஓய்வெடுத்து வந்த அமெரிக்க அணிகள் நான்கும் தோற்றனவே. 2024இல் இதே திண்டுக்கல் இதே மூன்று ஆட்டத்தையும் களைக்காமல் ஆடிக் கோப்பை வாங்கியதே.

அந்த ஓய்வு நாட்கள் திருப்பூருக்குக் கோப்பையைக் கொடுத்தனவா, அல்லது அந்த இரவில் யார் எதிரில் நின்றிருந்தாலும் இதுதான் நடந்திருக்குமா?